இல்லாத முதல் சென்டிமீட்டர்

ஜனவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

தபாலில் கடிதம் வந்ததைப் பார்த்து யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டாம். இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான், என்னோடு அறையில் இருக்கும் நர்ஸ் அக்கா, அவர் வளர்க்கும் இரண்டு மீன்கள்.

மூன்று வாரமாக நான் போன் செய்தால் “இரு, உங்க அண்ணன்கிட்ட தர்றேன்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். மெசேஜ் அனுப்பலாம் என்றால் அந்த ஆப்பும் நீங்கள் பொருள் விற்கும் இணையதளத்தை நடத்தும் அதே கம்பெனியுடையது. ஒருவரைப் பற்றி அவர் வீட்டு வாசலிலேயே நின்று பேசுவதுபோல் இருக்கிறது. அதனால்தான் தாளும் பேனாவும். எழுதும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்வதும் இல்லை.

அன்றைக்குச் சாப்பிடும்போது நீங்கள் கேட்டீர்கள்: “இந்த மாதிரி கம்பெனிங்களை அடக்குற ஆபீஸ்லதானே நீ இருக்க? நம்ம வாஷிங் மெஷின் கால் ரப்பர் ஏன் அவங்க சைட்ல முதல் பக்கத்துல இருந்து பதினோராவது பக்கத்துக்குப் போச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லேன்.” நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “சரி விடு, படிச்ச வாய், நம்மகிட்ட எல்லாம் திறக்குமா” என்று எழுந்து போய்விட்டீர்கள்.

என் வேலை என்ன என்று நான் வீட்டில் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. போட்டி ஆணையம் என்று பலகையில் இருப்பதால், அம்மா அதை ஓட்டப்பந்தயம் நடத்தும் இடம் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு கடைத்தெரு முழுவதையும் ஒரே ஆள் வைத்துக்கொண்டு, யார் எங்கே கடை போடலாம், என்ன விலைக்கு விற்கலாம் என்று அவரே தீர்மானித்து, அதே தெருவில் அவரும் கடை போட்டால் அது நியாயமா என்று கேட்கிற ஆபீஸ் அது. நான்காவது மாடியில், இரும்பு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் என் மேசை. அந்தக் கம்பெனி மீது வழக்கு நடப்பது பேப்பரிலேயே வந்த செய்திதான். விற்பவர்கள் எழுதிய கடிதங்களைப் படித்துப் பிரித்து அடுக்குவது என் வேலை. எங்கள் வீட்டார் அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் விற்கிறார்கள் என்று சேரும்போதே எழுதிக் கொடுத்தேன். “இந்த நாட்டில் பாதிப் பேர் அங்கேதானே விற்கிறார்கள்” என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் வழக்கைப் பற்றி விற்பவர்கள் யாரிடமும் பேச மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நீங்கள் விற்பவர். அதனால்தான் தட்டைப் பார்த்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாயில்லாப் பூச்சி


ஜனவரி 29

பூச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் அண்ணன் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “எனக்கில்லையா? உனக்கா?” என்று இரண்டு தடவை கேட்டார். அவருக்கு மனசு விட்டுப்போச்சு. அடுத்த தடவை அவருக்கும் ஒரு வரி எழுது.

நான் பத்தாவதோடு நிறுத்தியவள். தப்பிருந்தால் உன் ஆபீஸ் பேனாவால் திருத்தாதே, அப்படியே படி.

கையெழுத்து போட்டிருக்கிறாய், பேச முடியாது. சரி. அதை அன்றைக்கே ஒரு வரியில் சொல்லியிருந்தால் நான் ஏன் எழுந்து போகிறேன்?

உன்னால் பேச முடியாது. என்னால் முடியும், கேட்டுக்கொள். அந்தக் கம்பெனிக்கு நான் பெரிய மாமியார் என்று பேர் வைத்திருக்கிறேன். எது செய்தாலும் குறை. ஒரு நாள் தாமதமாக அனுப்பினால் முகம் திருப்பும். கடைத்தெரு ஹார்டுவேர்காரருக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால், “எங்களைவிட அங்கே எப்படிக் குறைக்கலாம்” என்று மெயில் வரும். நம்மிடம் நல்லதாக ஒன்று இருந்தால் எடுத்துத் தன் பெண்ணுக்குக் கொடுத்துவிடும். உன் அம்மாவைச் சொல்லவில்லை. உன் அம்மா தங்கம், இதை அவரிடம் படித்துக் காட்டினாலும் காட்டு.

பெண்ணுக்குக் கொடுத்தது எது தெரியுமா? நம் வாஷிங் மெஷின் கால் ரப்பர். போன மாதம் அதே கம்பெனி தன் பேரிலேயே ஒன்று போட்டிருக்கிறது. அதே உயரம், அதே ஏழு வரி, அடியில் அதே ஓட்டை. முதல் பக்கத்தில் முதல் இடம். நாம் பதினோராம் பக்கத்தில், யாரும் போகாத சந்தில்.

ஒன்று வரவழைத்தேன். உன் அண்ணன் நம்முடையதை ஒரு கையிலும் அதை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு சிரிக்கிறார், எனக்கு வயிறு எரிகிறது. “ஏன் சிரிக்கிறீங்க” என்றேன். “தண்ணி போற ஓட்டையை எங்க வெச்சிருக்கான் பாரு. நம்மளது விளிம்புல இருந்து பதினாலு மில்லிமீட்டர். இவன் இருபத்தினாலுல வெச்சிருக்கான். மெஷின் கால் நேரா அது மேல உட்கார்ந்து அடைச்சுக்கும். காப்பி அடிக்கிறதையாவது பார்த்து அடிக்கக் கூடாதா” என்றார். அதில் தண்ணீர் தேங்கி நாறுகிறதாம், வாங்கியவர்கள் எழுதுகிறார்கள். அப்படியும் முதல் இடம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தட்டைப் பார்த்தது பெரிய விஷயமில்லை. போன செப்டம்பரில் நான் ரப்பர் ஷீட் வாங்க அங்கே வந்தபோது உன் ஆபீஸ் வாசலுக்கு வந்தேன். நீ இறங்கி வந்தாய். செக்யூரிட்டி மேசை பக்கத்தில் நிற்க வைத்தே நாலு நிமிஷம் பேசி அனுப்பினாய். லிப்ட் கதவு மூன்று தடவை திறந்து மூடியது. நம் வீட்டில் முதல் பட்டதாரி உட்காரும் நாற்காலி எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் வந்தேன். அப்போது நீ எந்தக் கையெழுத்துக்காகப் பேசாமல் இருந்தாய்?

அண்ணி


பிப்ரவரி 7

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். வரவழைத்த அந்தக் கால் ரப்பரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது வந்த பெட்டி, அதன் மேலிருந்த சீட்டு, எல்லாம் இருக்கட்டும். அண்ணனின் இரும்பு ஸ்கேலையும் பத்திரமாக வையுங்கள். பிஸ்கட் டப்பாவில் மடித்து வைத்திருக்கும், நான் வரைந்த அளவுப் படத்தையும்.

அண்ணா, இந்தப் பகுதி உனக்கும்தான். நீ சிரித்த அந்தத் தப்பு அவர்களுடையது இல்லை. என்னுடையது.

இரண்டு வருஷத்துக்கு முன், என் கடைசி வருஷ விடுமுறையில், “சரிபார்க்கப்பட்ட தயாரிப்பாளர்” என்ற முத்திரை வேண்டுமானால் பொருளின் அளவுப் படத்தை அனுப்புங்கள் என்று கம்பெனி கேட்டது நினைவிருக்கிறதா? பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து நான்தான் வரைந்து அனுப்பினேன். அண்ணனின் ஸ்கேலில் முதல் சென்டிமீட்டர் கிடையாது. அச்சிலிருந்து ரப்பரை நெம்பி நெம்பி நுனி வளைந்துபோய், ஒன்று என்ற கோடு வரைக்கும் கிரைண்டரில் தேய்த்துவிட்டார். பட்டறையில் எல்லோரும் ஒன்றிலிருந்து தொடங்கி, வந்ததில் ஒன்றைக் கழிப்போம். நானும் எல்லா அளவிலும் கழித்தேன். ஓட்டைக்கு மட்டும் மறந்துவிட்டேன். 2.4 என்று இருந்ததை அப்படியே எழுதினேன். அண்ணன் என்றைக்குப் படத்தைப் பார்த்து அச்சு வெட்டினார்? அதனால் நாம் விற்ற எந்த ரப்பரிலும் அந்தத் தப்பு இல்லை. அந்தப் படத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் படம் இருப்பது இரண்டே இடத்தில்: உங்கள் பிஸ்கட் டப்பாவில், அவர்களுடைய கம்ப்யூட்டரில்.

கடையில் ஒன்றை வாங்கி அளந்து காப்பி அடித்திருந்தால் பதினாலு என்று வந்திருக்கும். இருபத்தினாலு என்றால், நம்பிக் கொடுத்த படத்தை எடுத்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்தபோது நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மறுநாள் காலை இயக்குநர் மேடத்திடம் சொன்னேன். சொல்வதற்குள் மூன்று தடவை அவர் அறை வாசல்வரை போய்த் தண்ணீர் குடிக்கத் திரும்பினேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது உனக்கு எப்போ தெரியும்?”

“நேத்து, மேடம்.”

“சொல்லாம இருந்திருந்தா இந்தக் கேஸ்ல இருந்திருப்பே. தெரியுமில்ல?”

“தெரியும், மேடம்.”

“போய் உன் மேசையைக் காலி பண்ணும்மா. இனி நீ இந்தக் கேஸைப் பார்க்கிறவ இல்ல, சாட்சி.” பிறகு, “உட்கார்ந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போ” என்றார்.

இப்போது இரண்டாவது மாடியில் இருக்கிறேன். ஒரு பால் கம்பெனி இன்னொரு பால் கம்பெனியை வாங்கலாமா என்ற கோப்பு. இங்கே ஜன்னல் கிடையாது.

மேடம் அனுமதித்ததை மட்டும் எழுதுகிறேன். கம்பெனியின் தலைமை அலுவலகம் வேறு நாட்டில். அந்த நாட்டு ஆணையமும் இதே கம்பெனியை விசாரிக்கிறது. “சரிபார்ப்புக்கு வந்த படங்களைப் பாருங்கள், நேரம் மிச்சமாகும்” என்று உள்ளுக்குள் போன ஒரு மெயில் வரியை அவர்கள் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறார்கள். ஆனால் எந்தப் படம், யாருடைய பொருள் என்று காட்ட அவர்களிடம் ஒன்றும் இல்லை. எங்களுக்கு எழுதியவர்களோ “எங்களைக் காப்பி அடித்தார்கள்” என்கிறார்கள், கடையில் வாங்கி அளக்கவில்லை என்று காட்ட முடியவில்லை. கம்பெனி எல்லா நாட்டிலும் கடை விரித்திருக்கிறது. எங்கள் சட்டம் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகிறது. நீங்கள் எங்களிடம் ரகசியமாகக் கொடுக்கும் ஒரு போட்டோவைக்கூட, நீங்கள் சம்மதம் என்று கையெழுத்து போடாமல் அந்த ஆணையத்துக்குக் காட்ட முடியாது. அதற்கு ஒரு பக்கத் தாள் இருக்கிறது. புகார் படிவத்தோடு அதுவும் உங்களுக்குத் தனியாகத் தபாலில் வரும். நான் அனுப்புவதில்லை, ஆபீஸ் அனுப்பும்.

வாசலில் நடந்ததற்குப் பதில் எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

பூச்சி


பிப்ரவரி 21

பூச்சிக்கு,

தாள் வந்தது. புகார் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன், அது மூடிய உறை என்றார்கள். சம்மதத் தாள் மட்டும் அலமாரியில் துணிக்கு அடியில் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கிறேன்.

உன் அண்ணன் “போட்டுடு” என்கிறார். அவருக்கென்ன, அச்சைத் தவிர வேறு கவலை உண்டா? பத்து ஆர்டர் வந்தால் ஏழு அந்தத் தளம் வழியாகத்தான். அந்த ஏழு ஆர்டரை நம்பித்தான் பட்டறையில் இரண்டு பெண்கள் ரப்பருக்கு ஓரம் வெட்டுகிறார்கள். மூத்தவளின் பெண் நர்சிங் படிக்கிறாள், இளையவள் போன மாதம்தான் தனியாக வீடு எடுத்தாள். நம் பேர் பெரிய மாமியார் காதுக்குப் போனால் ஒரு பொத்தான், கணக்கு மூடியாச்சு. எங்கேயோ இருக்கிற நாட்டுக்காரர்கள் வந்து என் ரப்பரை வாங்குவார்களா?

உன் அண்ணனோடு நாலு நாள் பேச்சு இல்லை. “உன் தங்கச்சி தப்பா எழுதினதுக்கு நான் கையெழுத்து போடணுமா” என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னது. ஆனால் சொன்னது சொன்னதுதான், அவர் சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே எழுதிவிடுகிறேன்.

ஒரு நேர்வழி பார்க்கலாமே என்று கம்பெனிக்கே எழுதினேன். எங்கள் பொருள் மாதிரியே உங்கள் பொருள் இருக்கிறது என்று, மரியாதையாக. அரை நிமிஷத்தில் பதில். உங்கள் கருத்துக்கு நன்றி, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. கீழேயே ஒரு விளம்பரம்: நீங்கள் தேடிய கால் ரப்பரை மொத்தமாக வாங்கினால் சலுகை. என் ரப்பரை எனக்கே விற்கப் பார்க்கிறது.

நீ இப்போது அந்த வழக்கில் இல்லை. அப்படியானால் பேசலாம் அல்லவா? தாளில் போடவா, வேண்டாமா? தட்டைப் பார்க்காமல் சொல்.

அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

தட்டைப் பார்க்காமல் எழுதுகிறேன்.

போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சாட்சி இன்னொரு சாட்சியைத் தூண்டக் கூடாது, அது ஒன்று. அதைவிட, மூடப்போவது என் மேசை இல்லை, உங்கள் பட்டறை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த ஆணையமும் உங்கள் பேரை மூடித்தான் வைக்கும். ஆனால் வழக்கு நடக்க நடக்க, ஓட்டை எங்கே இருக்கிறது என்று பேச்சு வந்த அன்றே கம்பெனி உங்களைக் கண்டுபிடித்துவிடும். புகார் கொடுத்ததற்காகக் கணக்கை மூடக் கூடாது என்று சட்டம் உண்டு. ஆனால் பொத்தானை அழுத்த ஒரு நொடி போதும், சட்டம் வந்து சேர வாரங்கள் ஆகும். அந்த வாரங்களை எப்படித் தாண்டுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அது பொய்.

நான் என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன். முழுப் பேரோடு. அதில் என் பங்குக்கான சம்மதத்தையும் போட்டேன். ஆனால் படம் உங்கள் பட்டறையுடையது. நீங்கள் போடாமல் அது எங்கும் போகாது. போடாவிட்டாலும் நான் வீட்டுக்கு வருவேன், நீங்கள் பரிமாறுவதைச் சாப்பிடுவேன்.

இனி அந்தச் செப்டம்பர் விஷயம்.

முதல் கடிதத்தில் வேறு காரணம் ஒன்றும் இல்லை என்று எழுதினேன். இருந்தது. அன்று நீங்கள் ரப்பர் ஷீட் சுருளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். அந்த வாசனை வரவேற்பறை முழுவதும் பரவியிருந்தது. லிப்டில் என்னோடு வேலை செய்யும் இருவர் ஏறினார்கள், இருவரும் வக்கீல் வீட்டுப் பிள்ளைகள். நான் உங்களை அவர்களுக்கு அறிமுகம் செய்யவில்லை. வெட்கம்தான், அண்ணி. வேறு பேர் வைக்க முடியவில்லை. என் கல்லூரிக் கட்டணம் முழுவதும் அந்த வாசனையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு, இது அதைவிட மோசம். உங்கள் பொருள் கீழே போய்க்கொண்டிருப்பதை அப்போதே சொன்னீர்கள். புகார் கொடுக்கலாம், படிவம் வாசலிலேயே கிடைக்கும் என்று சொல்ல எந்த விதியும் தடுக்கவில்லை. அதை யாருக்கும் சொல்லலாம். ஆனால் வீட்டார் புகார்தாரர் ஆனால் நான் வழக்கிலிருந்து விலக வேண்டும். நான்காவது மாடியில் எனக்குக் கிடைத்த முதல் வழக்கு அது. படிவம் உங்கள் முழங்கைக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருந்தது. நான் அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

சின்னவர்களை விற்க விடாமல் மறைக்கிறார்கள் என்று ஒரு கம்பெனி மேல் வழக்கு எழுதிக்கொண்டிருந்தவள் செய்த காரியம் இது.

பூச்சி


மார்ச் 20

பூச்சிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டவில்லை. செப்டம்பர் பகுதி நமக்குள்.

படித்ததும் கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் ஓரம் வெட்டும்போது மூத்தவளிடம் ஒரு விஷயம் சொன்னேன். உன் அம்மா முதல் தடவை என்னைப் பெண் பார்க்க வந்தபோது, என் அப்பாவைப் பின்கட்டில் உட்கார வைத்திருந்தேன். பஞ்சர் ஒட்டும் கடை, நகத்தில் கறுப்பு போகாது. ஜுரம் என்று சொன்னேன். அவரும் ஜுரம் வந்தவர் மாதிரியே போர்வை போர்த்திக்கொண்டு இருந்தார். ஆகவே நீ ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. அந்தப் பேச்சை இதோடு விடு.

தாளில் கையெழுத்து போட்டுவிட்டேன். எப்படி என்று கேள்.

வெள்ளிக்கிழமை ஒருவர் பட்டறைக்கே வந்தார். கையில் நாலு கால் ரப்பர், ஒரு பாலிதீன் பையில். “உங்க பொருள்னு நம்பி வாங்கினேன், அடியில தண்ணி நின்னு தரை வீணாப்போச்சு” என்று பையை மேசையில் வைத்தார். பார்த்தால் கம்பெனிக்காரனுடையது. “இது எங்களது இல்லை சார்” என்றேன். “எல்லாம் ஒண்ணுதான்மா, மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்ககிட்ட வாங்கினது நல்லா இருந்துச்சு, இப்போ நீங்களும் மட்டமா பண்ண ஆரம்பிச்சிட்டீங்க” என்றார். சத்தம் போடவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

நம் ரப்பர் நாலு எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். அவர் போனதும் இரண்டு பெண்களையும் உட்கார வைத்துக் கேட்டேன், கொஞ்ச நாள் வேலை பாதியானால் தாங்குவீர்களா என்று. இளையவள், “இந்த ஆள் மாதிரி இன்னும் பத்துப் பேர் வந்தா தானா மூடிக்கும்க்கா. அதுக்கு நாமே சண்டை போட்டு மூடலாம்” என்றாள். மூத்தவள் எழுந்து வீட்டுக்குள் போய் அலமாரியிலிருந்து தாளை எடுத்து வந்தாள். துணிக்கு அடியில் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

ஸ்கேலை நேரில் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி உன் ஆபீஸிலிருந்து கடிதம். வருகிறேன். அன்றைக்கு ரப்பர் ஷீட்டும் வாங்க வேண்டியிருக்கிறது, முதலில் அதை வாங்கிவிட்டுத்தான் வருவேன். லிப்ட் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

அண்ணி


ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் வந்துபோனதிலிருந்து இரண்டாவது மாடியில் என்னைவிட உங்களைத்தான் விசாரிக்கிறார்கள். பால் கோப்புக்காரர், நீங்கள் கொடுத்துப்போன ரப்பரை வைத்ததும் தன் வீட்டு மெஷின் ஆடுவதை நிறுத்திவிட்டதாகத் தினமும் ஒருவரிடமாவது சொல்கிறார். அந்தச் சுருளை என் நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தீர்கள் அல்லவா, வாசனை நான்கு நாள் இருந்தது. நான் துடைக்கவில்லை.

கம்பெனி உங்கள் கணக்கை மூடி வைத்திருந்த பத்தொன்பது நாளும் நீங்கள் எனக்கு எழுதவில்லை. ஹார்டுவேர் கடைகளில் ஏறி இறங்கினீர்கள் என்று அண்ணன் சொன்னார். இருபதாம் நாள் ஆணையத்தின் உத்தரவு வந்து கணக்கைத் திறந்தார்கள் என்று பேப்பரில்தான் நானும் படித்தேன்.

நேற்று அந்த நாட்டு ஆணையம் திரை வழியாக என்னை விசாரித்தது. நமக்குக் காலை, அவர்களுக்குச் சாயங்காலம். திரையில் பதினோரு பேர், கட்டம் கட்டமாக. கேள்வி கேட்டவர் என் வயதுப் பெண், ஜலதோஷம் பிடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவில். கம்பெனி வக்கீல் முதலில் பேசினார்: ஒரு ஓட்டை பத்து மில்லிமீட்டர் தள்ளி இருப்பது தற்செயல், எந்தத் தொழிற்சாலையிலும் நடக்கும் என்றார்.

அந்தப் பெண் என்னிடம், “நீங்கள் எப்படித் தப்பு செய்தீர்கள்? செய்து காட்டுங்கள்” என்றார்.

உறையைப் பிரித்து அண்ணனின் ஸ்கேலை எடுத்து, ரப்பரின் மேல் வைத்தேன். இங்கிருந்து தொடங்க வேண்டும், வந்ததில் ஒன்றைக் கழிக்க வேண்டும், இந்த இடத்தில் கழிக்க மறந்தேன் என்று காட்டினேன். பேசத் தொடங்கியதும் நாக்கு ஒட்டவில்லை. அது பட்டறைப் பேச்சு, அதனால் இருக்கலாம். அவர் மேசையிலிருந்து தன் ஸ்கேலை எடுத்து, முதல் சென்டிமீட்டரை விரலால் மறைத்துக்கொண்டு அங்கே ஒரு ரப்பரை அளந்தார். தலையை ஆட்டினார். பிறகு கேட்டார், “இவ்வளவு வருஷமும் ஏன் புது ஸ்கேல் வாங்கவில்லை?”

“இதுல நாங்க தப்பு பண்ண மாட்டோம்” என்றேன். அடுத்த நொடியே என்ன சொன்னேன் என்று உறைத்தது. மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் பதினோரு கட்டமும் சிரித்தன, வக்கீல் உட்பட. எனக்கும் சிரிப்பு வந்தது.

அவர்களுடைய கோப்பில், படங்களைப் பார்க்கச் சொன்ன அந்த மெயிலுக்கு அடுத்த நாள் யாரோ திறந்த படங்களின் பட்டியல் இருக்கிறதாம். அதில் நம்முடையதும் ஒன்று. நேற்றுவரை அவர்களுக்கு அது வெறும் எண். இதற்கு மேல் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் ஆணையம் இன்று அறிவித்தது இதுதான்: விற்பவர்கள் சரிபார்ப்புக்குக் கொடுத்த எதையும் கம்பெனி தன் பொருளுக்குப் பயன்படுத்தக் கூடாது, வேறு கடையில் குறைத்து விற்றால் தண்டிக்கக் கூடாது. இது இடைக்கால உத்தரவு. வழக்கு முடிய இரண்டு நாட்டிலும் வருஷங்கள் ஆகும், தோற்கவும் தோற்கலாம். ஆனால் உங்களுக்குப் பிறகு பதினான்கு பேர் அந்தத் தாளில் கையெழுத்து போட்டிருக்கிறார்கள்.

ஒரு வருத்தமான செய்தி. ஸ்கேலை அந்த நாட்டு ஆணையம் நேரிலேயே பார்க்க வேண்டும் என்று கேட்டதால், முத்திரை வைத்து அனுப்பிவிட்டார்கள். வழக்கு முடியும்வரை திரும்ப வராது. நம் வீட்டிலிருந்து முதலில் வெளிநாடு போனது அதுதான் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

உங்கள்,
பூச்சி


ஜூலை 3

பூச்சிக்கு,

பேப்பரில் வந்ததை மூத்தவள் வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். நம் பேர் அதில் இல்லை. “ஒரு சிறு தயாரிப்பாளர்” என்று இருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம், “அந்த ஒரு நாங்கதான்” என்கிறாள். ரகசியம் என்றால் என்ன என்று நீ வந்து அவளுக்குச் சொல்லிக்கொடு.

தளத்தில் மூன்றாம் பக்கத்துக்கு வந்திருக்கிறோம். ஹார்டுவேர்காரருக்கு நம் விலையில் கொடுக்கிறேன், யாரும் மெயில் அனுப்பவில்லை. பத்துக்கு ஏழு என்பது இப்போது ஐந்து. மீதி ஐந்து என் கால் நடந்து கொண்டுவந்தது. பழையபடி ஏழாக விடமாட்டேன்.

உன் அண்ணன் விஷயம்தான் சரியில்லை. ஸ்கேல் வராது என்றதும் நானே கடைக்குப் போய்ப் புதுசாக ஒன்று வாங்கி வந்தேன். நல்ல இரும்பு, பளபளவென்று, சுழியத்திலிருந்து தொடங்குகிறது. மறுநாள் அதை வைத்துப் புது அச்சுக்குக் கோடு போட்டார். அறுபது மில்லிமீட்டருக்குப் போட வேண்டியது. பழக்கம் போகுமா, எழுபதில் போட்டுவிட்டார். முதல் ரப்பர் வெளியே வந்ததும் இளையவள், “இது வாஷிங் மெஷினுக்கா, யானைக்காண்ணே” என்றாள். பெரிய மாமியார் இதையும் காப்பி அடிக்கட்டும் என்று சிரித்தோம். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மத்தியானம் கிரைண்டர் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். புது ஸ்கேலைக் குறட்டில் பிடித்து, முதல் சென்டிமீட்டரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பொறி பறக்கிறது.

“என்னங்க பண்றீங்க?” என்றேன்.

“சரி பண்றேன்” என்றார்.

அண்ணி